சாம்பிராணியை அணைக்கச் சொன்ன சிஸ்டருக்கு

எதிர்வீட்டிலிருந்து நடுப்பகலில் சாம்பிராணி வாசம் வருகிறது, சிஸ்டர். இன்றைக்கு வெள்ளியும் இல்லை, செவ்வாயும் இல்லை. அந்த வீட்டுப் பெரியவருக்குத் தாடையில் புண். அந்தப் புண்ணின் நாற்றத்தை மறைக்கத்தான் புகை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் கையெழுத்தே கட்டைவிரல்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் வீட்டுக்காரிக்கு மார்பில் புற்று வெடித்துப் புண்ணானபோது நானும் இப்படித்தான் புகை போட்டேன். அவள் கூடப்பிறந்த தங்கச்சியே வாசலில் நின்று பேசிவிட்டுப் போனாள். குன்றாண்டார்கோவில் ரோட்டில் ஆஸ்பத்திரி வேன் வந்து நின்ற முதல் நாள், உள்ளே நுழைந்ததும் நீங்கள் சொன்னது: "அய்யா, சாம்பிராணிய அணைங்க. மறைக்க வேணாம், போக்கிருவோம்." மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினீர்கள். வலிக்கு வேளை தவறாமல் மாத்திரை. ஒரு வாரத்தில் என் வீட்டில் சோறு வேகிற மணம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

அப்புறம்தான் அந்தச் சேதி. "கொணமாகாதவங்களுக்கு எதுக்கு ஒரு வண்டி, நாலு ஆளு, நிறுத்திரலாம்னு பெரிய டாக்டர் சொல்றாருங்கய்யா. எத்தன பேருக்கு வலி கொறஞ்சிருக்குன்னு பேப்பர் பேப்பரா காட்டிட்டேன், நம்பல. நாளைக்கு இங்கிட்டே கூட்டியாரேன்" என்றீர்கள்.

எங்கேயாவது நாற்றம் மிச்சமிருந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவர் வருகிற நேரம் பார்த்துச் சாம்பிராணி போட்டுவிட்டேன். வேனிலிருந்து குதித்து ஓடிவந்து தண்ணீரை ஊற்றி அணைத்தீர்கள். "கெடுத்தீங்களே! பொகைதான் நாத்தத்த அமுக்குதுன்னு நெனைப்பாருல்ல?" சன்னலெல்லாம் திறந்து, புகை போகும்வரை வேப்பமரத்தடியில் டாக்டரிடம் பேச்சுக் கொடுத்து நிறுத்தினீர்கள்.

கைக்குட்டையை மடித்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். என் வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி உள்ளறையைப் பார்த்தார்.

"பேஷண்ட் எங்கம்மா இருக்காங்க?"

"நாந்தானுங்க. பாத்தா அப்படித் தெரியலையா?"

அவ்வளவு பேப்பர் காட்டிய நீங்கள் அப்போது சன்னலோரம் ஒதுங்கி அவளைப் பேசவிட்டீர்கள். குன்றாண்டார்கோவிலில் மலையைக் குடைந்து சாமிக்கு இடம் செய்தவர்களை நினைத்துச் சின்ன வயதில் வாய்பிளந்து நின்றிருக்கிறேன். அதற்கப்புறம் உங்கள் வேலையை நினைத்து நான் அப்படி நின்றது அன்றைக்குத்தான்.

கைக்குட்டை பைக்குள் போனது. அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "ராத்திரி தூங்குறீங்களா?"

"நான் நல்லாத்தான் தூங்குறேன். இந்த மனுசன்தான் கொறட்டை விட்டு எழுப்புறாரு." ஒரு பிடி கடலையை நீட்டினாள். "வெதைக்கு வச்சது. ரெண்டு தின்னா கொறஞ்சிராது, தின்னுங்க."

தின்றார். எழுந்தபோது உங்களிடம் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார்: "வண்டி வந்துக்கிட்டே இருக்கும்மா."

விதைத்த அந்தக் கடலையைப் பிடுங்குமுன் அவள் போய்விட்டாள். ஆனால் கடைசியில் அவள் தலை இருந்தது தங்கச்சியின் மடியில்.

நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று போன தை மாதம் வேன் டிரைவர்தான் வந்து சொன்னார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் என்னோடு உட்கார்ந்தார்.

மருமகள் போனை எடுத்து வரப் போகிறாள். வேனைக் கூப்பிடுகிற போன் நம்பர் பத்து இலக்கமும் எனக்கு மனப்பாடம். எதிர்வீட்டுக்குப் போய் வருகிறேன், சிஸ்டர். முதலில் சாம்பிராணியை அணைக்கச் சொல்ல வேண்டும்.