படுத்தால் சரியாகிற நோய்

மார்ச் 4

அன்புள்ள தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்தால் ஒரு குறையும் இல்லையாம். எழுந்து நின்றால் மட்டும் மூச்சு வாங்குகிறதாம், மயக்கம் வருகிறதாம். படுத்தால் சரியாகிற நோய்க்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். கணக்குப் பரீட்சை அன்று மட்டும் உனக்கு வயிறு வலிக்குமே, அதே நாடகம். அப்பா விட்டுப்போன பட்டறையை நீ நடத்தியது போதும். பூட்டிச் சாவியை அனுப்பு.

உன் நல்லதுக்கே சொல்லும்,
அண்ணன்

மார்ச் 19

அன்பு அண்ணனுக்கு,

நாடகத்தைப் படம் பிடித்துவிட்டார்கள். ஸ்கேனில் டாக்டரம்மா காட்டினார்: இதயத்தின் இடது மேலறையில் முட்டை அளவு கட்டி, காம்பில் தொங்குகிறது. நின்றால் சரிந்து வால்வை அடைக்கிறது, படுத்தால் விலகுகிறது. காலில் நீர் கோத்துச் செருப்பே நுழையவில்லை.

"புற்றுநோய் இல்லம்மா, சாதுவான கட்டிதான். ஆனா இதயம் திணறிப்போச்சு. இப்படி வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார். சாதுவாக இருந்துகொண்டே மூச்சை நிறுத்தப் பார்ப்பது நம் வீட்டில் புதிதா என்ன?

வருகிற வியாழன் நெஞ்சைத் திறக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். நீ வர வேண்டாம். சாவியும் வராது.

வாலு

மார்ச் 26, ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து

வாலு,

வராதே என்றாய், வந்துவிட்டேன். உள்ளே விடவில்லை, இதை நர்ஸிடம் கொடுக்கிறேன். கட்டியை எடுத்துவிட்டார்களாம். நேற்று பட்டறை வாசலில் நீ பாதியில் விட்ட லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும், சரிபார்த்ததற்கு அடையாளமாக, உன் சாக்பீஸ் கோடு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சோம்பேறி என்று எழுதிய கையை என்ன செய்வது? எழுந்து வா. நின்றுகொண்டு திட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

அண்ணன்

மே 2

அண்ணா,

பட்டறையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். ஸ்பானர் தூக்க இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டுமாம், பேனாவுக்குத் தடையில்லை. பக்கத்தில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார மாட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கும்.

திட்டச் சொன்னாயே, ஆரம்பிக்கிறேன். பரீட்சை அன்றைக்கும் எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது.

நின்றுகொண்டிருக்கும்,
வாலு