வீட்டைப் பார்த்த மூக்கு

பதிவு 1. நாள் 1, 09:10
இழுவை வண்டி மயிலாள். ஓட்டுநர் நல்லுசாமி. பத்தாம் வகுப்பு, இரண்டாம் முயற்சியில் பாஸ். விண்வெளி நிலையத்திலிருந்து கிளம்பியாயிற்று. வேகம் விநாடிக்கு நாற்பது மீட்டர். சிறுகோளில் பனிக்கட்டி ஏற்றித் திரும்ப வேண்டும். ஓட்டுவதெல்லாம் தானோட்டிதான். கண்ணாடி துடைப்பதும் டீ குடிப்பதும் என் பொறுப்பு. இரண்டிலும் குறை வைக்கவில்லை. காற்று பன்னிரண்டு நாளுக்கு.

பதிவு 2. நாள் 2, 08:40
தானோட்டி படுத்துவிட்டது. திரும்பி வரச் சொல்லி உத்தரவு. நாமக்கல்லில் இருபது வருடம் லாரி ஓட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பக்கவாட்டுத் த்ரஸ்டரை ஒரு தட்டு. வண்டி அழகாகச் சுழன்று நின்றது. மூக்கு நேராக நிலையத்தின் விளக்கைப் பார்க்கிறது. மீட்டரில் அதே நாற்பது. நாளைக்கு வீடு.

கட்டுப்பாட்டு அறையில் என் மகள் தாரணி.
"அப்பா, திசைவேகம் சொல்லுங்க."
"நாப்பது கண்ணு."
"அது வெறும் வேகம். எந்தப் பக்கம் போறீங்கன்னும் சேத்துச் சொல்லோணும்."
"வூட்டுப் பக்கந்தான். மூக்கு உன்னையத்தான் பாக்குது."
அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வார்த்தை எனக்கு முழுசாகப் புரியவில்லை. அத்தனை பொறியாளர்கள் நடுவில் எப்படிக் கேட்பது?

பதிவு 3. நாள் 3, 10:00
இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விளக்கு நேற்றைவிடச் சின்னதாகத் தெரிகிறது. கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். கண்ணாடியில் குற்றமில்லை.

தாரணி கேட்டதற்கு, வழியில் டீக்கடையில் நிறுத்திவிட்டேன் என்றேன். அவள் சிரித்தாள். எங்கப்பா ஓட்டாத வண்டியில்லை என்று அங்கே பெருமை பேசுகிறவள் அவள்.

பதிவு 4. நாள் 4, 08:30
சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போவதை அவளே பார்த்துவிட்டாள்.
"அப்பா, நீங்க திரும்பல. மூக்கு மட்டுந்தான் திரும்பிருக்குது. வண்டி ரிவர்ஸ்ல அந்தப் பக்கமே போய்ட்டிருக்குது."
இந்த முறை அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இங்கே ரோடு கிடையாது, டயர் பிடித்துத் திருப்புவதற்கு. மூக்கு எங்கே பார்த்தாலும் வண்டி பழைய வழியிலேயே போகும். முடுக்கம் கொடுக்க வேண்டுமாம். முதலில் இந்த நாற்பதைத் தின்று தீர்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் வீட்டுப் பக்கம் வேகம் ஏறும். மீட்டர் இறங்குவதும் முடுக்கம்தானாம். பெடலை மிதிப்பது மட்டும்தான் முடுக்கம் என்றிருந்தேன்.

பதிவு 5. நாள் 4, 09:10
எஞ்சினைப் போட்டேன். நாற்பது, இருபது, பூஜ்யம். ஒரு கணம் நின்றேன், எங்கேயும் போகாமல். பிறகு ஒன்று, இரண்டு. ஐந்தில் எரிபொருள் தீர்ந்தது.

ஐந்தில் போனால் வீட்டுக்கு இருபத்துநான்கு நாள். காற்று ஒன்பது நாளுக்கு. நிலையத்தில் அனுப்ப வேறு வண்டி இல்லை. அன்றைக்கே அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருந்தால் எட்டு நாளில் போயிருப்பேன். தாரணி இதைச் சொல்லவில்லை. நான் போட்ட கணக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கு சரியாக வந்திருக்கிறது.

பதிவு 6. நாள் 13
மூச்சு கனக்கிறது. எழுத்து கோணல், பள்ளியிலும் அப்படித்தான்.

இதை எடுப்பவருக்கு: வண்டி தானாக வந்து சேரும். கதவைத் திறக்கும்போது என் மகள் பக்கத்தில் வேண்டாம். ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தாரணி, அன்றைக்கு நீ கேட்டது. இப்போது முழுசாகச் சொல்கிறேன்.
திசைவேகம் ஐந்து. வூட்டுப் பக்கம், கண்