பிஸ்கட்டோடு திரும்பி வந்த தட்டு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? ஞாயிறு ஆராதனைக்கு யார் அழைத்துப் போகிறார்கள்? நான் நலம். தொலைக்காட்சியில் எங்கள் தெருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

போலீசார் சுட்டுக் கொன்ற நம் கறுப்பினப் பையனுக்காக ஊர்வலம் வந்தது. நானும் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து இறங்கிச் சேர்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி டெனிஸும் அவள் கணவர் கிரெய்கும் தங்கள் புல்வெளியில் துப்பாக்கிகளோடு நின்றார்கள். “இது எங்க தெரு! ஓடுங்கடா எல்லாரும்!” என்று கத்திய கிரெய்க், என் மார்புக்கு நேராகவே துப்பாக்கியை நீட்டினார். ஆறு வருடமாக அண்டை வீடு, அம்மா.

மறுநாள் காலை, போன வாரம் நான் பீச் பழக் கேக் கொடுத்தனுப்பிய தட்டை டெனிஸ் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் தட்டாகத் தரக்கூடாதே, பிஸ்கட் நிரப்பியிருந்தாள்.

“மாஸ்க் போட்டிருந்ததால நீன்னு தெரியல வெர்னிஸ். நீ அந்த மாதிரி ஆளு இல்லையே!”

“எந்த மாதிரி, டெனிஸ்?”

“அட, கோவிச்சுக்காத. உன்னப் போய் யாராவது சுடுவாங்களா?”

பிஸ்கட்டைக் குப்பையில் கொட்டினேன். தட்டை எத்தனை முறை கழுவினாலும் அதில் சாப்பிட மனம் வரவில்லை. உங்களுடைய பழைய தட்டு ஒன்றை அனுப்புங்கள். அவர்கள் புல்வெளியைப் பார்த்த ஜன்னலுக்குத் தடித்த திரையும் தைத்து அனுப்புங்கள். வெயிலுக்காகத்தான்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
வெர்னிஸ்