காதைத் தடவினால் தூங்குவாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி எழுகிறீர்களா என்று எழுது. வழக்கமாக இந்த இடத்தில் நான் எழுதுகிற அடுத்த வரி உனக்குத் தெரியும், நீ ஹாஸ்டலில் படித்த காலத்திலிருந்து தெரியும், தேதி போடுகிற மாதிரி கை தானாகவே எழுதிவிடும் வரி அது. இந்தத் தடவை எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் எங்கேயும் அது வராது, ஆகையால் பயப்படாமல் கடைசிவரை படி. போனில் பேசினால் நீ "ம்" என்கிறாய், நான் "சரிம்மா" என்கிறேன், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடவில்லை. பிரசங்க பீடத்தில் ஏறினால் இறங்கத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிய எனக்கு உன்னிடம் மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறாதீங்க என்று டாக்டர் சொன்னதற்கு, அப்போ துணியை நீங்க வந்து காயப்போடுறீங்களா என்று அவரையே கேட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கு அச்சகத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது, எந்நேரமும் நகக்கண்ணில் மையோடுதான் சாப்பிட உட்காருகிறான், அம்மா திட்டுகிறாள், அவன் சிரிக்கிறான். வீட்டில் இப்போது சிரிப்புச் சத்தம் என்றால் அது ஒன்றுதான். சபை எங்களுக்குக் கொடுத்திருக்கிற இந்த வீட்டின் சமையலறைக் கூரை ஒழுகுகிறது, கமிட்டியிடம் சொல்லியிருக்கிறேன், அவர்கள் அதற்காகக் கூட்டம் போடுவார்கள், டீ குடிப்பார்கள், அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். அம்மா பின்னிக்கொண்டிருந்த அந்த மஞ்சள் குல்லாய் முடியவில்லை. ஊசியோடு அப்படியே கூடையில் கிடக்கிறது, எடுத்து உள்ளே வைக்க எங்கள் யாருக்கும் கை வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதை விட்டுவிட்டு கூரையையும் முட்டிவலியையும் எழுதிக்கொண்டிருந்தால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். முந்தின நாள் நீ ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, அப்பா டியூபை எடுத்துட்டாங்க, நம்ம குருவி தானாவே மூச்சு விடுறா என்று அழுதுகொண்டே சிரித்தாய். குருவி என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான், நீ போனில் காட்டும்போதெல்லாம் வாயைத் திறந்துகொண்டே இருந்தாளே, அதற்காக. என் பேத்தி பிழைத்துவிட்டாள், சபை முழுக்க உபவாசம் இருந்து கேட்டது கிடைத்துவிட்டது என்று நான் துள்ளிக் குதித்தேன். இன்னும் கொஞ்ச நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னதையும் நீ சொல்லத்தான் செய்தாய், அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. மறுநாள் ஆராதனையில் நன்றி ஜெபத்தை நானே நடத்தினேன். முன்னால் மேசை முழுக்க வெள்ளைப் பூ வைத்திருந்தார்கள், பாடகர் குழுவில் இருக்கும் நம் டீச்சரம்மா அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார், நல்ல மனசோடுதான் அனுப்பினார். நாங்கள் இங்கே நன்றிப்பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது அங்கே குருவி போய்விட்டாள். குழந்தையை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவுக்குச் சொல்ல வேண்டுமே என்று நீ போனை எடுத்தாய், முதலில் அந்தப் பூவைத்தான் பார்த்தாய். 

அதற்கப்புறம் நீ சொன்னாய், இனிமே எனக்காக யாரும் ஜெபம் பண்ணவேண்டாம்ப்பா, நீங்க கண்டிப்பா பண்ணாதீங்க, எனக்கு வாக்கு குடுங்க என்று. நான் சரிம்மா என்றேன். நீ ஏதோ கோபத்தில் சொன்னாய், அப்பா ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு வழக்கம்போல் ஜெபித்துக்கொண்டுதான் இருப்பார் என்று ஒருவேளை நீ நினைத்திருக்கலாம். இல்லைம்மா. நான் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டுதான் வருகிறேன். அது எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லவேண்டும் போலிருக்கிறது, உன்னைக் குற்றம் சொல்ல இல்லை, சொல்ல வேறு ஆள் இல்லை.

சாயங்கால ஜெபத்தில் அம்மா உன் பெயரைச் சொல்லத்தான் செய்கிறாள். நான் தடுத்தபோது, வாக்கு குடுத்தது நீங்க, நானா குடுத்தேன், என் பொண்ணு என் வயித்துல பொறந்தவ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவள் சொல்வதும் நியாயந்தானே. ஆனால் அவள் ஜெபித்து முடித்தால் நான் ஆமென் சொல்லவேண்டும், சொன்னால் அது என் ஜெபமும் ஆகிவிடும். அதனால் உன் பெயர் வரப்போகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து விட்டுக் கை கழுவுகிறேன். முதல் நாள் அம்மா காத்துக்கொண்டே இருந்தாள். தம்பி மட்டும் மெல்ல ஆமென் சொன்னான். பிறகு அம்மா சமையலறை வாசலில் வந்து நின்று, பெத்த பொண்ணுக்கு ஒரு ஆமென் சொல்ல உங்களுக்கு வாய் வரலையா என்று கேட்டாள். வருகிறது, தொண்டைவரை வருகிறது என்று நான் எப்படிச் சொல்வேன். இவ்வளவு காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜெபத்தில் பிரிந்து நின்றது இதுதான் முதல் தடவை. அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சாப்பாட்டை மட்டும் நேரத்துக்கு வைத்துவிடுகிறாள்.

கோயிலில் அதைவிடக் கூத்து. நம் சபைச் செயலாளரைத் தெரியும் அல்லவா, ஜெபிக்க ஆரம்பித்தால் கடவுளுக்கே விலாசம் சொல்லிக்கொடுப்பார். அவர் எழுந்து, நம்முடைய ஆயரின் மகள் விசுவாசத்தில் தளர்ந்துபோய் என்று ஆரம்பித்ததுதான் தாமதம், நான் கண்ணைத் திறந்து, ஐயா, அது வேண்டாம், அடுத்ததுக்குப் போங்க என்று சொல்லிவிட்டேன். ஜெபத்தை நடுவில் நிறுத்தின ஆயரை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அந்த வாரமே செயலாளரும் இன்னும் சிலரும் குடையும் கையுமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். உங்க பொண்ணுக்கு நீங்களே ஜெபிக்க மாட்டேன்னா, எங்க பிள்ளைகளுக்கு நீங்க ஜெபிக்கிறதை நாங்க எப்படி ஐயா நம்புறது என்று ஒருவர் கேட்டார். கேள்வி சரியான கேள்விதான், எனக்குக் கோபம் வரவில்லை. என் பொண்ணு கேட்டுக்கிட்டா, நான் ஒத்துக்கிட்டேன், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர்கள் தலைமைக்கு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதட்டும், அதை நினைத்து நீ கவலைப்படாதே, கூரையைப் பற்றியும் சேர்த்து எழுதினால் நல்லது.

நான் சொல்லவந்தது வேறு. கோயிலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறாரே ஓர் அம்மா, உன் கல்யாண ரவிக்கையை இறுக்கிப் பிடித்துத் தைத்துவிட்டு நீதான் குண்டாகிவிட்டாய் என்றாரே, அவருடைய கடைசி மகள் காய்ச்சலில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், போனேன். கட்டில் பக்கத்தில் நின்றேன், அந்தக் குழந்தையின் மூக்கிலும் ஒரு டியூப். முன்பானால் கையை உயர்த்தி, நிச்சயமாகச் சுகமாகும் என்று ஆரம்பித்திருப்பேன், நிச்சயமாக என்கிற சொல்லை நான் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போடுவேன் என்று நீயே கிண்டல் செய்வாய். அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு முன்னால் நாக்கு நின்றுவிட்டது. தாய்க்காரி என் வாயையே பார்க்கிறாள். கடைசியில் குழந்தையிடமே குனிந்து, நான் உனக்காக என்ன கேக்கட்டும் என்றேன். அது யோசித்துவிட்டு, இப்ப ஊசி போட வருவாங்க, அது வலிக்கக்கூடாதுன்னு கேளுங்க தாத்தா என்றது. அதை மட்டும்தான் கேட்டேன், ஒரே வாக்கியம். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போனதும் குழந்தையைப் பார்த்தேன், வலிச்சுது, ஆனா அழுற அளவுக்கு இல்ல என்றது.

அந்தக் குழந்தை பிழைத்துவிட்டாள். இப்போது கடை வாசலில் நூல்கண்டை உருட்டி விளையாடுகிறாள். நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன்னிடம் பொய் எழுத மாட்டேன். பொறாமைப்பட்டேன். உம்முடைய கணக்கில் தையல்காரி மகளுக்கு இடம் இருந்தது, என் மகளுடைய மகளுக்கு இல்லையா என்று அறையைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் கத்தினேன், இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. போன ஞாயிறு நன்றி ஆராதனை வைத்தார்கள். தையல்காரம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கொத்தாகப் பூவோடு வந்து என் கையில் கொடுத்தார். அதே வெள்ளைப் பூ. வாங்கிக்கொண்டேன், திரும்பி நாலு எட்டு நடந்து மேசையில் வைக்கவேண்டும், கால் நகரவில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பூவிலிருந்து தண்ணீர் என் அங்கியில் சொட்டுகிறது. அப்போது முன் பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள், அந்த முட்டியோடு படியேறி வந்து, குடுங்க என்று மட்டும் சொல்லிப் பூவை வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். ஆராதனை முடிகிறவரை உட்காரவில்லை. அன்று சாயங்காலம் உன் பெயர் வரும் இடத்தில், நான் எழுந்திருக்கும் முன்னால் அவளே ஜெபத்தை நிறுத்தி, போய்க் குழாயைத் திறந்துக்கோங்க என்றாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் சமையலறையில் நின்று நன்றாக அழுதேன், தண்ணீர்ச் சத்தம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அப்பாவுக்கு விசுவாசம் போய்விட்டதா என்று நீ கேட்கலாம். போகவில்லை, போயிருந்தால் அறையைச் சாத்திக்கொண்டு யாரிடம் சண்டை போடுவேன். பிரசங்கம்தான் சுருங்கிவிட்டது, தெரிந்ததை மட்டும் சொல்வது என்று உட்கார்ந்தால் சொல்வதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. சபையார் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள், அதில் அவர்களுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும். உனக்காக ஜெபிக்கக்கூடாது என்றாய், நான் ஜெபிக்கவில்லை. ஆனால் குருவியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அதுவும் வேண்டாம் என்றுவிடுவாயோ என்று பயம். போனவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் கிடையாது, அது கூடாது என்று வகுப்பெடுத்தவனே நான்தான், நீயும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாய். இருந்தாலும் தினமும் காலையில் முழங்காலில் நிற்கும்போது என்னையறியாமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளை நான் கையில் தூக்கியதில்லை, எனக்கு அவளைப் பற்றித் தெரிந்தது நீ போனில் சொன்னது மட்டும்தான். அதைத்தான் சொல்கிறேன். அவள் வெளிச்சத்தில் தூங்கமாட்டாள், இடது காதைத் தடவினால்தான் தூங்குவாள், அவ அம்மா அப்படித்தான் பழக்கியிருக்கா, கொஞ்சம் தடவிக்கொடுங்க என்று சொல்கிறேன். வேறு ஒன்றும் கேட்பதில்லை. இதற்கு ஜெபம் என்று பெயரா, கிழவனின் புலம்பல் என்று பெயரா, எனக்குத் தெரியவில்லை. உனக்கு இது பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை எழுது, நிறுத்திவிடுகிறேன். காதைப் பற்றி நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தால், அது வலது காதாக இருந்தால், அதையும் எழுது.

வெளியே போகும்போது குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. மாப்பிள்ளையை அதட்டாதே, அவரும் அழாமல் அடக்கிக்கொண்டிருக்கிறார், போனில் குரலைக் கேட்டாலே தெரிகிறது. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம், டாக்டரைப் பார்த்தாயா இல்லையா என்று அம்மாவுக்கு எழுது, என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேண்டாம்.

கடைசியில் என் கை, கடிதத்தை முடிக்கும்போது வழக்கமாக எழுதுகிற ஆசீர்வாத வரிக்குப் போகிறது. பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அது வரவேண்டிய இடத்தை மட்டும் கீழே விட்டிருக்கிறேன், அங்கே ஒன்றும் எழுதவில்லை.



உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அப்பா