சுரூபம் ஏந்திய கைகள்

அன்பு மகளே,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அடையாறு ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்க நினைத்தது வேறு.

போன அக்டோபர் ஜெபமாலையில், வீடு வீடாகப் போகும் மாதா சுரூபத்தை நம் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நீ பாடிக்கொண்டே ஏந்திப் போனபோது, "மாடிப்படியில இன்னா பாட்டு?" என்று கீழ் வீட்டுக்காரர் உன்னை அறைந்தார். சுரூபம் விழுந்துவிடக் கூடாதென்று நீ கையைக்கூட உயர்த்தவில்லை. நீ புகார் கொடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷனில் நான் முந்திக்கொண்டு, "நாங்க மன்னிச்சிட்டோம் சார், புகார் வேணாம்" என்றேன். ஆண்டவர் சொன்னபடி நடந்துகொண்டதாகப் பெருமைகூடப் பட்டேன். நீ அன்றே பெட்டியைக் கட்டினாய்.

இந்த வருடம் சுரூபத்தை நானே ஏந்தி இறங்கினேன். கீழ் வீட்டுக்காரரின் கதவை நெருங்கியதும் பாட்டை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் எட்டிப் பார்த்து, "நீங்க தங்கமான மனுசன் சார்" என்றார். பதிலுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அன்பா, பயமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பங்குச் சாமியாரிடம் கேட்கப் போய், கேட்காமலே திரும்பினேன். கேட்க வேண்டியது உன்னிடம்தான். அறை விழுந்தது உன் கன்னத்தில். மறு கன்னத்தைக் காட்டுகிறேன் என்று நான் காட்டியதும் உன்னுடையதைத்தானா?

அப்பா