வெடுக்கென்று தூக்கணும்

மே 6, புதன்
காலையிலிருந்து புழுக்கம். இருட்டிவிட்டு ஏமாற்றிய மழை. கொட்டகைத் தகரம் கொதிக்கிறது. இன்று முந்திரி உடைத்ததில் பருப்பு நிறைய நொறுங்கிப்போனது. கவனம் இல்லை.

நாளைக்கு: அடுப்புச் சாம்பல் ஒரு பை. சின்னவனுக்குப் பென்சில். தே. எண்ணெய்.

கா. 11க்கு அவுக போன். வழக்கம்போல எடுக்க முடியவில்லை. சாம்பல் பூசாமல் உடைத்தால் முந்திரி ஓட்டில் கசிகிற பால் கைத்தோலை உரித்துவிடும். பூசின விரலுக்கோ போனில் பச்சை வட்டம் அசையாது. கை கழுவி வருவதற்குள் நின்றுவிட்டது. அப்புறம் அவுக சமைக்கிற ஐதராபாத் மெஸ்ஸில் மதியக் கூட்டம், மாஸ்டர் போனைத் தொடக் கூடாது. ராத்திரிப் போன் பிள்ளைகளுடையது. எனக்கு மிஞ்சுவது “சாப்டியா, சரி வையி” மட்டும்.

நேற்று மட்டும் கூட ரெண்டு வார்த்தை. மெஸ் முதலாளி புதுக் கிளை திறக்கிறாராம். அவுக பொறுப்பெடுத்தால் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லணும். நீ என்ன சொல்றே என்று கேட்டார்கள். “ஒங்க இஷ்டம்” என்றேன். வெடுக்கென்று அப்படித்தான் வந்தது. மண்டு.

மே 7, வியாழன்
பென்சில் மறந்தாச்சு.

பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிற சித்ரா என் போனை வாங்கி எதையோ மாற்றினாள். “இனிமே வெரலே வேணாம்க்கா. அடிக்கறப்ப எடுத்துக் காதுல வச்சா அதுவே எடுத்துக்கிரும்.” அவள் போனிலிருந்து நாலு தடவை கூப்பிட்டாள். நாலு தடவையும் நான் காதில் வைத்தபடி மண்பொம்மையாக நின்றதுதான் மிச்சம். கொட்டகையே சிரித்தது. முட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறேனாம், வெடுக்கென்று தூக்கணுமாம். போடி என்றேன். புதுப் போன், கீழே விழுந்தால் யார் தருவது.

11க்கு அழைப்பு வரவில்லை. எங்கே எடுக்கப்போகிறாள் என்று விட்டுவிட்டார்களோ.

இந்த நோட்டில் மட்டும் சொல்லலாம். எடுக்க முடியாமல் அடிக்கும்போது கொட்டகைக்குப் பின்னால் போய் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவுக பேரைச் சொல்லுவேன். அடித்து ஓயும்வரை. கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் வேறெங்கும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் பேர் கேட்டாலும் அட்டையைத்தான் நீட்டுவேன். கேட்க ஆளில்லாத இடத்தில் சொன்னால் குற்றமா என்ன.

மே 8, வெள்ளி
எழுதவே கை கூசுகிறது.

11.05க்கு அடித்தது. பின்பக்கம் ஓடினேன். தேய்த்தேன், அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வெடுக்கென்று தூக்கிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டேன். பீப் என்றது. மணி நின்றதும் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன். பேரைச் சொன்னேன். இரண்டு தடவை. அப்புறம் சொன்னது, அப்படியே: “போதும். வந்துருங்களேன். எனக்கு யாரு இருக்கா இங்க.” அழுகையும் வந்துவிட்டது.

காதுக்குள்ளிருந்து அவுக குரல். “யாருடி அது, எம்பேரச் சொல்றது?”

உயிரே போய்விட்டது. கட் பண்ணலாம் என்று சிவப்பு வட்டத்தைத் தேய்த்தால் அதுவும் அசையவில்லை. நல்லவேளை.

எல்லாம் கேட்டதா என்றேன். எல்லாம் கேட்டதாம். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம். பிறகு, “இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன? ஒனக்கு நான் வரவே வேணாமோன்னு நெனச்சுப்புட்டேன்.”

அடப்பாவமே. இத்தனை நாளும் அப்படியா நினைத்திருந்தார்கள்?

இன்னொருக்கா சொல்லு என்றார்கள். மாட்டேன் என்றேன். நாளைக்கு என்றார்கள். பார்க்கலாம் என்றேன்.

பேரை இங்கேயும் எழுதவில்லை.

மே 9, சனி
விடியற்காலையில் நல்ல மழை. கொட்டகை ஒழுகியது, மூட்டைகளை இங்கிட்டும் அங்கிட்டும் மாற்றியே இடுப்பு போச்சு. பென்சில் வாங்கியாச்சு.

பதினொன்றுக்கு அடித்தது. வெளியே சேறு, பின்பக்கம் போக வழியில்லை. சாம்பல் கையோடு உட்கார்ந்த இடத்திலேயே வெடுக்கென்று தூக்கினேன். பீப். முதலாளியிடம் முடியாது என்று சொல்லியாச்சாம், ஆனி பிறப்பதற்குள் வந்துவிடுவார்களாம். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் சும்மா இருந்தார்கள்.

பேரைச் சொன்னேன். சித்ரா உடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.