பெர்லினிலிருந்து ஹனோவருக்கு

அக்கா,

நீங்கள் கண்மூடிவிட்டீர்கள் என்று பீலெஃபெல்டிலிருந்து செய்தி வந்ததும் பெர்லினில் வேலை பார்க்கும் மகளுக்குச் சொன்னேன். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஹனோவருக்கு வானத்தால இருநூற்றைம்பது கிலோமீட்டர்தான் வரும். பறந்தா ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனா இப்ப நேர் பிளேன் இல்லையாம். ரெயினில உங்களிட்ட வாறன், சேர்ந்து பீலெஃபெல்டுக்குப் போவம்," என்றாள்.

அந்தத் தூரத்தை அவளும் பறந்திருக்கிறாள், என் வயிற்றில் ஆறு மாதக் கருவாக.

எண்பத்தைந்தில் மேற்கு பெர்லின் அகதி விடுதியில் நமக்கு ஒரே அறை. ஹனோவரிலிருந்த என் கணவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் நிலைமை மோசம் என்று தகவல் வந்தது. நகரத்தை விட்டுப் போக அனுமதி கேட்டேன். இரண்டு கிழமை கழித்து வரச்சொல்லி நாள் குறித்து ஒரு டெர்மின் தந்தார்கள். ரயிலும் பஸ்ஸும் நகரத்தைச் சுற்றியிருந்த கிழக்கு ஜெர்மனிக்குள்ளால் போகும், எல்லையில் கடதாசி பார்ப்பார்கள். மிஞ்சியது விமானம்.

"உன்னைத் தனிய விட ஏலாது. நானும் வாறன். அப்பிடியே தம்பியிட்டப் போயிடுவன்," என்றீர்கள். பீலெஃபெல்டிலிருந்த உங்கள் தம்பியை நீங்கள் கண்டு நாலு வருடம்.

விமான நிலைய வாசலில் என் கையை விட்டீர்கள். "உள்ளுக்க போனா நீ ஆரோ, நான் ஆரோ. என்ன நடந்தாலும் திரும்பிப் பாக்காதை."

வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் நேரே என்னிடம் கடதாசி கேட்டார். கைப்பையைத் திறக்க முடியவில்லை. பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது. அகதிக் கடதாசியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "பீலெஃபெல்ட்! தம்பியிட்டப் போகவேணும்! பீலெஃபெல்ட்!" என்று கத்தியபடி அவர்களுக்கு நடுவே புகுந்தீர்கள். இருவரும் உங்கள் பக்கம் திரும்பினார்கள். உங்கள் தோளைப் பிடித்தபடியே ஒருவர் என்னைக் கேட்டார்: "இந்தப் பெண்ணைத் தெரியுமா?"

நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை.

"நைன்," என்றேன், தெரியாது என்று.

என் கடதாசியை மறந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

விமானம் ஒரு பக்கம் சரிந்த ஒவ்வொரு தடவையும், திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்றே நினைத்தேன். கீழே முழுவதும் கிழக்கு ஜெர்மனி. பணிப்பெண் வைத்த தேநீர் அப்படியே ஆறியது. இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அவர் உயிரோடிருந்தார். நீங்களும் வருவதாக முன்பே தகவல் சொல்லியிருந்தேன். மூக்கில் குழாயோடு முதலில் கேட்டது, "அக்கா எங்க?"

உங்களை விடுதிக்கே திருப்பி அனுப்பினார்கள். பீலெஃபெல்டுக்கு அனுமதி கிடைக்க இரண்டு வருடம் எடுத்தது. அதற்குள் தம்பி கனடாவுக்குப் போய்விட்டார். அவர் இல்லாத ஊரில் நீங்கள் தனியே குடியேறினீர்கள்.

மகளைத் தூக்கிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தேன். "தெரியாதெண்டு சொல்லிப்போட்டன் அக்கா," என்று அழுதேன். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "தெரியுமெண்டு சொல்லியிருந்தா உனக்கு என்னட்ட நல்ல அடி விழுந்திருக்கும்," என்றீர்கள். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை.

நீங்கள் சொன்னபடிதான் நடந்தேன் என்று இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல, அக்கா. அந்தக் கணத்தில் வாசலில் நீங்கள் சொன்ன எதுவும் என் நினைவில் இல்லை. பயத்தில்தான் தெரியாது என்றேன். உங்களிடம் சொல்ல எத்தனையோ தடவை வந்தேன். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.